லாரல் காரும் என் தொண்டையும்

செப்டம்பர் 7, வியாழன்

வெயில் இன்னும் குறையவில்லை. கடையில் பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்துவிட்டன. இஸ்திரி ஆவியில் நின்று நின்று கழுத்துத் தழும்பு அரிக்கிறது.

காலையில் ஃபோனை எடுத்து, "வணக்கம், ஹனவா சலவையகம்" என்றேன். "சார், என் கம்பளிக் கோட்டு ரெடியா சார்?" ஒரு நாளைக்கு இப்படி மூன்று சார். போன வருஷம் ஜூலையில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி நரம்போடு ஒட்டிக்கொண்டிருந்ததாம், யார் மேலும் தப்பில்லை. உயிர் தங்கியது, குரல் இறங்கிப்போனது. பெண்கள் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று உச்ச சுருதி பாடியவள் நான். பதினான்கு மாதமாகியும் 'சார்' பழகவில்லை.

கடை முதலாளி ஹனவா அக்கா ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறாள். எனக்கு. ஐம்பத்திரண்டு வயதில், அதுவும் ஒரு தடவை கல்யாணம் கட்டி, விட்டுவந்த பிறகு. "ஆளு தங்கம்டி. ஒரே ஒரு பைத்தியம், பழைய கார்" என்றாள்.

"குடி, சூதாட்டத்துக்கு அது தேவலை."

"நீ இன்னும் அந்தக் காரைப் பாக்கல."

செப்டம்பர் 10, ஞாயிறு

போயிருக்கவே கூடாது.

ஸ்டேஷன் எதிரே காபிக் கடை. பெயர் குராமோச்சி. ஐம்பத்தாறு வயது. மனைவி இறந்து ஒன்பது வருடம். வாரம் முழுக்க, பூனை முகம் வரைந்த பாலர் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறார். சட்டையைத் தானே இஸ்திரி போட்டிருந்தார். சூடு அதிகமாகி காலர் பளபளவென்று ஆகியிருந்தது. தொழில்காரி கண்ணுக்கு அது தெரியாமல் போகுமா. அதைப் பார்த்ததும் கொஞ்சம் பிடித்துக்கூடப் போனது.

பத்து நிமிடம் இருவரும் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தோம். கடைசியில் நான்தான் ஆரம்பித்தேன். குழந்தைகள் பஸ்ஸில் வாந்தி எடுப்பார்களா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

அந்த மனிதர் கரண்டியைக் கீழே வைத்தார். முகமெல்லாம் மலர்ந்தது. "உங்க குரல் ரொம்பத் தாழ்வா இருக்குங்க" என்றார்.

அவ்வளவுதான். சிரித்தபடி தலையை வேறு ஆட்டிக்கொண்டார்.

காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன். வீடு வரை நடந்தேன், நடந்துகொண்டே அழுதேன். முதல் சந்திப்பிலேயே, மூஞ்சிக்கு நேரே. இருக்கிற குறையைச் சொல்லிக் காட்டுவதில் என்ன சந்தோஷம் அந்த ஆளுக்கு?

செப்டம்பர் 11, திங்கள்

ஹனவா அக்காவிடம் சொன்னேன். "அப்படியா சொன்னான்? அவன் வாயில கொள்ளியை வெக்க" என்றாள். மனசு கொஞ்சம் ஆறியது.

செப்டம்பர் 20, புதன்

தொண்டை டாக்டரைப் பார்த்தேன். இன்னொரு அறுவை செய்யலாம் என்கிறார். குரல்வளையில் இரண்டு குருத்தெலும்பை நெருக்கி வைத்துத் தைத்தால் சுருதி ஏறுமாம். "ஒசந்த குரல் வரும். பழைய குரலேதான் வரும்னு நான் சொல்லமாட்டேன். சில பேருக்குக் கொஞ்ச நாள் பேச்சே வராமலும் இருக்கலாம்." யோசித்துச் சொல்லச் சொன்னார்.

யோசிக்க என்ன இருக்கிறது? பாட்டுக்காகவா கேட்கிறேன்? பாட்டு போனால் போகட்டும். அம்மாவுக்காக.

அம்மா ஐஸு மலைப்பக்கம் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். எண்பத்தொரு வயது, இரண்டு கண்ணும் போய்விட்டது. காதுதான் அவளுக்குக் கண். கட்டி, அறுவை எதையும் நான் சொல்லவில்லை, சொன்னால் சாப்பிடமாட்டாள். போன நவம்பரில் போனேன். பழைய குரல் போல இருக்கட்டும் என்று மூச்சை இழுத்துப் பிடித்து, மெல்லிசாக ஏற்றி, "அம்மா, நான் யோரிகோ" என்றேன்.

அம்மா மரியாதையாகக் கதவுப் பக்கம் திரும்பி, "யாருங்க, புது நர்ஸுங்களா? என் பொண்ணு இன்னிக்கு வர்றேன்னு எழுதியிருக்கா" என்றாள்.

மறுபடி சொல்லத் தைரியம் வரவில்லை. ஒரு மணி நேரம் நர்ஸாகவே உட்கார்ந்திருந்தேன். தலை வாரிவிட்டேன். தூக்கம் வந்ததும் அம்மா, "பொண்ணு வந்தா எழுப்பிவிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. ஃபோனும் செய்வதில்லை. கடிதம் எழுதுகிறேன், அங்கே யாரோ படித்துக் காட்டுகிறார்கள்.

அக்டோபர் 1, ஞாயிறு

அந்த ஆள் கடைக்கே வந்துவிட்டார். ஹனவா அக்கா துடைப்பத்தைக் கையிலெடுத்தாள், நிஜமாகவே. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்தார். கோணல் எழுத்தில்: 15-ம் தேதி, காலை ஆறரை, ஏரிக்கரை வண்டி நிறுத்துமிடம், பழைய கார்கள் கூடும்.

"அன்னிக்கு நான் ஏதோ தப்பாச் சொல்லிட்டேன் போல. என்னன்னு புரியலைங்க. மூணு வாரமா யோசிக்கிறேன்" என்றார்.

"புரியலையா?" என்றேன்.

"புரியலைங்க."

முகத்தைப் பார்த்தால் பொய் தெரியவில்லை. திருப்பிக் கொடுக்கக் கசங்கிய காகிதத்தை எடுத்தேன், கொடுக்கவில்லை. அவர் போனதும் அக்கா, "போயேன். போய் நாலு பேரு முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டு வா" என்றாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

கேட்கத்தான் போனேன்.

ஏரிமேல் மூடுபனி. நாற்பது கார் இருக்கும், எல்லாம் ஐம்பது வருடத்துக் கிழங்கள், பாதி வண்டி, ஸ்பிரிங்கை மாற்றி இறக்கிவிட்டதில், தரையோடு தரையாகக் கிடந்தது. குராமோச்சியின் கார் பழுப்பு நிற லாரல், எழுபத்தைந்தாம் வருடத்துது. பின்பக்கம் உருண்டு திரண்டு இருப்பதால் அந்த வகைக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயரை எழுதக் கூசுகிறது. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள்: பன்னிக்குண்டி. வாய் நிறையச் செல்லமாகச் சொல்கிறார்கள். "பன்னிக்குண்டி எப்படி இருக்கா?" "நல்லா இருக்காங்க."

அப்போதுதான் அந்தக் கூத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வண்டி உள்ளே வரும்போதும் இந்த ஆம்பளைகள், நரைத்தவர், வழுக்கை, எல்லாரும், குந்தி உட்கார்ந்து தலையைச் சாய்த்து வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள்.

"என்னா தாழ்வு."

"தாழ்வுடா. சாமி, எம்மாந் தாழ்வு."

ஒகினோ என்று ஒருவர், மீன் வியாபாரி, முன் பம்பருக்கு அடியில் காலி சிகரெட் பெட்டியை நிறுத்திவைத்து, அது பம்பரில் முட்டிக்கொண்டதும் கண்கலங்காத குறை. லாரல் வந்து நின்றபோதும் அதே. "குராமோச்சி, இந்தத் தடவை இன்னும் தாழ்வா இருக்கே. பொறாமையா இருக்குடா." என் ஆள் (என் ஆளா? எழுதிவிட்டேன், இருக்கட்டும்) காது சிவக்கத் தலை குனிந்தார்.

நான் ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். இவர்கள் அகராதியில் அதற்குமேல் ஒரு புகழ்ச்சியே கிடையாது. அழகு, நளினம், பெருந்தன்மை, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். அந்த மனுஷர் அன்றைக்குத் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய சொல்லை எடுத்து என் முன்னால் வைத்திருக்கிறார். நான் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனேன்.

ரசனை பற்றிக் கேட்டதும் குராமோச்சிக்குப் பேச்சு மடை திறந்தது. "எறக்கறதுக்கும் ஒரு அளவு இருக்குங்க. சக்கரத்துக்கும் மேல் வளைவுக்கும் நடுவுல ஒரு விரல் போகணும். ரெண்டு விரல் போச்சுன்னா ஒட்டகம். விரலே போகலைன்னா முட்டி தேஞ்ச கிழவன்." அரசாங்க வண்டிப் பரிசோதனைக்குத் தரையிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் உயரம் வேண்டும் என்பதால் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஏற்றுவார்களாம், சீட்டு வாங்கியதும் இறக்குவார்களாம். அந்த ஏற்றின ஒரு வாரம் வெளியே தலை காட்டமாட்டார்களாம்.

கிளம்பும் நேரத்தில் ஒரு வண்டி பின்னோக்கி நகர்ந்தது, அதன் பின்னே நாயோடு ஒரு பெரியவர். ஓட்டியவன் கவனிக்கவில்லை. நான் "நிறுத்து" என்றேன். கத்தவில்லை, சொன்னேன். அந்த வண்டி மட்டுமல்ல, ஏரிக்கரையில் எது நகர்ந்துகொண்டிருந்ததோ அத்தனையும் நின்றது. ஒகினோ எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "அக்கா, குரல் தரையைத் தொட்டுட்டுல்ல வருது" என்றார். சிரித்துவிட்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

"கேட்டியா?" என்றாள் அக்கா. "கேட்டேன்" என்றேன். துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தாமரைக்கிழங்கு பஜ்ஜி போடும் கடைக்கு லாரலில் கூட்டிப் போனார். மேடு வந்தால் வண்டியின் வயிறு இடிக்காமல் கோணலாக ஏறுகிறார், தண்டவாளம் வந்தால் நடந்துபோகிறவர் நம்மை முந்துகிறார். எனக்குப் பிடித்திருந்தது. மூன்று ஞாயிறாகச் சிரித்த அளவுக்கு மூன்று வருஷத்தில் சிரிக்கவில்லை.

திரும்பும்போது அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அறுவை பற்றியும். சுருதியை ஏற்றிவிடுவார்கள் என்றேன்.

"ஏத்தறதா?" என்றார். முகம் விழுந்துவிட்டது. "ஐயோ. வீணாப் போயிடுமே."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "வீணா? இது என்ன உங்க ஸ்பிரிங்கா, இஷ்டத்துக்கு ஏத்தி எறக்க? என் தொண்டைய்யா இது. என்னைப் பெத்தவ என்னை நர்ஸுன்னு நெனைச்சுக்கிட்டுப் படுத்துத் தூங்கறா. உங்களுக்குத் தாழ்வா வேணும். போங்க, போய் அந்தக் கூட்டத்தோடயே குந்தி உக்காந்து பாருங்க."

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்கு. அந்த வண்டியிலிருந்து கோபமாக இறங்க ஆண்டவனாலும் முடியாது. கதவைப் பிடித்து, முட்டியை ஊன்றி, தவழ்ந்து வெளியே வந்தேன். உதவிக்குக் கையை நீட்டினார். தட்டிவிட்டேன்.

நவம்பர் 2, வியாழன்

அவர் வரவில்லை. வராதது நல்லதுதான். நல்லதுதானே?

நவம்பர் 14, செவ்வாய்

அறுவைக்குத் தேதி வாங்கிவிட்டேன், ஜனவரி 17.

மத்தியானம் இல்லத்துக்கு ஃபோன் போட்டேன். அம்மா நன்றாக இருக்கிறாளாம், சோறு பாதிதான் சாப்பிடுகிறாளாம். "கூப்பிடட்டுங்களா, பேசறீங்களா?" என்றாள் அங்கிருந்த பெண். தொண்டைவரை வந்தது. "வேணாம், தூங்கட்டும்" என்றேன். மத்தியானம் இரண்டு மணி. அம்மா அந்த நேரத்தில் எந்தக் காலத்திலும் தூங்கினதில்லை.

ஒருவேளை அறுவையில், உள்ள குரலும் போய்விட்டால்? இருப்பதையும் அம்மா கேட்காமலே போய்விடுமே. கேட்டாலும்தான் தெரியப்போவதில்லையே. என்ன பைத்தியக்காரக் கணக்கு இது.

நவம்பர் 26, ஞாயிறு

கடையைத் திறக்கும்போது வாசலில் ஒரு கார் நின்றது. முதலில் அடையாளம் தெரியவில்லை. பிறகு அந்தப் பின்பக்கம் தெரிந்தது.

ஏற்றியிருந்தார். ஒன்பது சென்டிமீட்டர் அல்ல, பதினைந்து இருக்கும். சேற்றில் இறங்க வேட்டியை மடித்துக் கட்டியவன் மாதிரி நின்றது லாரல். சக்கர வளைவில் நான்கு விரல் போகும். ஒட்டகத்துக்கும் மேலே.

குராமோச்சி பக்கத்தில் நின்றார். பத்து வயது கூடின மாதிரி இருந்தார்.

"கம்பெனியில வந்தப்ப இருந்த ஸ்பிரிங்கு. பரண்ல கெடந்துச்சு. போட்டுட்டேன்" என்றார்.

"பரிசோதனையா?"

"இல்லைங்க. அதுக்கு அடுத்த வருஷம்தான்." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "நாலு நாளா இப்படியே ஓட்டிட்டு இருக்கேன். ஒகினோ பாத்துட்டு, யாரு செத்தான்னு கேட்டான். நான் என்னமோ நெனைச்சேங்க, ஏத்தினா வேற வண்டியாயிடும்னு. ஆகலை. கதவு அதே மாதிரி கிறீச்சிடுது. ரெண்டாவது கியர் அதே மாதிரி மொரண்டு பிடிக்குது. அதே வண்டிதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

உள்ளேயிருந்து அக்கா, "ரெண்டு பேரும் வாசலை மறைச்சுக்கிட்டு நிக்காதீங்க, கிராக்கி வரணும்" என்றாள். எந்தக் கிராக்கியும் வரவில்லை.

"ஐஸுவுல பனி விழ ஆரம்பிச்சிருக்கும். எறக்கின வண்டி அங்க போகாது, பனி வரப்புல வயிறு மாட்டிக்கும். இது போகும். ஆபரேஷனுக்கு முன்னாடி அம்மாவைப் பாக்கணும்னா—" என்று நிறுத்தினார். "ரயில்லயும் போகலாம். நான் சும்மா சொன்னேன்."

கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. நடுரோட்டில், ஐம்பத்திரண்டு வயதில்.

டிசம்பர் 9, சனி

அடுத்த ஞாயிறு போகிறோம். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு 'அம்மா, நான் யோரிகோ' என்று ஏற்றி ஏற்றிச் சொல்லிப் பார்க்கிறேன். பூனை வாலை மிதித்த மாதிரி வருகிறது.

டிசம்பர் 17, ஞாயிறு

ஐஸுவில் ஒரு சத்திரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பனி அடித்து மலைப்பாதையை அடைத்துவிட்டார்கள், நாளைதான் திரும்ப முடியும். ஆளுக்கொரு அறை. ஹனவா அக்கா இதை நம்பமாட்டாள்.

வழியெல்லாம் நான் பேசவில்லை, குரலைச் சேர்த்துவைத்தேன். அவரும் கேட்கவில்லை. லாரல் பனிவரப்புகளைத் தாண்டித் தாண்டிப் போனது. இல்லத்து வாசலில் அவர், "நான் வண்டியிலயே இருக்கேங்க" என்றார். "வாங்க" என்றேன்.

நடைவழியில் மூச்சை இழுத்துப் பிடித்தேன். அம்மா, நான் யோரிகோ. அம்மா, நான் யோரிகோ. கதவைத் திறந்தேன்.

ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. பனி உள்ளே அடித்துப் போர்வைமேல் வெள்ளையாக உட்கார்ந்திருக்கிறது. அம்மா மெல்லிசு சட்டையோடு, கூரையிலிருந்து பனி சரியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறாள். சேர்த்துவைத்ததெல்லாம் எங்கே போனதோ. ஊர்ப்பேச்சில் கொட்டிவிட்டேன்:

"என்னம்மா இது, சன்னலை ஆன்னு தெறந்து போட்டுக்கிட்டு? ஒனக்கு எத்தினி தடவ சொல்லறது? நெஞ்சுல சளி கட்டுனா யாரு பாக்கறது? கொஞ்சமாச்சும் பயம் இருக்கா ஒனக்கு?"

படாரென்று ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினபிறகுதான் என்ன குரலில் பேசினேன் என்பது உறைத்தது. அப்படியே நின்றேன். திரும்பவில்லை.

அம்மா போர்வைமேல் இருந்த பனியைக் கையால் தட்டிவிட்டாள்.

"என்னைச் சொல்ல வந்துட்டா" என்றாள் பிறகு. "ஒன் தொண்டையைக் கேளு மொதல்ல. கட்டிக்கிட்டு, கரகரன்னு. எத்தினி நாளா இப்பிடி இருக்கு? ஒரு கடுதாசில எழுதினியாடி?"

நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா மடியில் முகத்தை வைத்தேன். சோப்பு வாசனை.

"அழுவாத, சளி எறங்கும். சமையக்கட்டுல போய் வெங்காயத்தாள் வாங்கியா. நெட்டையா, வெள்ளத்தண்டு இருக்கறது. நெருப்புல வாட்டி, துணில சுத்திக் கழுத்துல கட்டுனா மூணு நாள்ல விடும். ஒங்கப்பனுக்கு நான் கட்டாததா."

சமையலறையில் ஒருத்தி வாட்டிக் கொடுத்தாள். அம்மாவே கட்டிவிட்டாள். விரல் தழும்புமேல் பட்டது. நின்றது. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை ஒரு தடவை போனது. ஒன்றும் கேட்கவில்லை. துணியை இழுத்து முடிச்சுப் போட்டாள், கொஞ்சம் இறுக்கமாகவே.

"கூட யாரு? மூச்சு விடற சத்தம் கேக்குது."

குராமோச்சி தரையில் மண்டியிட்டு, கண் தெரியாதவளுக்கு நெற்றி தரையில் படக் கும்பிட்டார். பயத்தில் குரல் உச்சிக்குப் போய்விட்டது. "கு-குராமோச்சின்னு பேருங்க."

அம்மா என் பக்கம் சாய்ந்து, அவருக்கும் கேட்கும்படி ரகசியமாகச் சொன்னாள்: "நல்ல பையனாத்தான் தெரியுது. ஆனா குரல் என்னடி இவ்ளோ மேல இருக்கு?"

டிசம்பர் 21, வியாழன்

காலையில் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு, ஜனவரி 17-ஐ வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னேன். காரணம் கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

சாயங்காலம் அம்மாவுக்கு.

"இன்னும் விடலியாடி?"

"இல்லம்மா. கொஞ்ச நாள் இருக்கும் போல."

"இருந்தா இருந்துட்டுப் போவட்டும். தாளு கட்டியிருக்கியா?"

"கட்டியிருக்கேம்மா."

கட்டித்தான் இருந்தேன். வீடெல்லாம் ஒரே நாற்றம்.